அடுப்பில் ஏறாதது

மயிலாப்பூர்
14 மார்ச் 2025

அன்புக்கரசிக்கு,

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். நீ எடுத்து "சொல்லுங்க அத்தை" என்று ஆரம்பித்ததும் எனக்கு எல்லாம் மறந்துபோகும். இல்லாவிட்டால் சொல்லக் கூடாத ஒன்று முந்திக்கொண்டு வந்துவிடும். நாம் பேசியே ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அதனால் காகிதம். உன் மாமனார் காலை நடைக்கு ராஜா அண்ணாமலைபுரம் வரைக்கும் வருகிறார். உன் கடைக்கு வந்துவிட்டுத்தான் திரும்புகிறார் என்பதும் எனக்குத் தெரியும். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். ராமநவமிக்கு எங்கள் தெருவில் பந்தல் போட்டுப் பானகம், நீர்மோர், வடைப்பருப்பு கொடுப்பது வழக்கம். கோவிலுக்குப் போகிறவர் வருகிறவர் எல்லோரும் வாங்கிக்கொள்வார்கள். இந்த வருஷம் கமிட்டிக்கு மதுவந்தி என்ற பெண் செயலாளர். எதிர் அபார்ட்மெண்டில் இருக்கிறாள், ஐ.டி. வேலை. பால், தயிர் தொடுவதில்லை. சமைத்ததைச் சாப்பிடுவதுகூட இல்லையாம். நேற்றுக் கூட்டத்தில், "இந்த வருஷம் எல்லாமே ரா வீகன் மாமி, அடுப்பே கிடையாது. முளைன்னு ஒரு இடம். ஆர்டர் குடுத்தாச்சு" என்றாள்.

முளை உன் கடை. அது அவளுக்குத் தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை.

நீ அந்த ஆர்டரை எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிடு. கிருஷ்ணாவின் கல்யாணத்தைப் பற்றி இந்தத் தெருவில் யாரும் என்னை நேராகக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ரிஜிஸ்டர் கல்யாணம், பெண் ஹோட்டலில் வேலை பார்த்தவள் என்பதோடு பேச்சு நிற்கிறது. நீ பாத்திரத்தோடு பந்தலில் வந்து நின்றால் அது அங்கே நிற்காது. கோடி வீட்டு மாமி உன் பெயரில் ஆரம்பித்து உன் தாத்தா ஊர் வரைக்கும் கேட்பாள். உனக்கும் சேர்த்துத்தான் சங்கடம் என்று எழுதுகிறேன்.

கிருஷ்ணாவிடம் சொல்ல வேண்டாம். "நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கோங்கோ" என்று எழுந்து போய்விடுவான்.

ஜானகி


ராஜா அண்ணாமலைபுரம்
16 மார்ச்

அத்தைக்கு,

மாமா கடிதத்தைக் கொடுத்துவிட்டு நான் படித்து முடிக்கும் வரை எதிரிலேயே நின்றார். "என்னம்மா எழுதியிருக்கா?" என்றார். நலம் விசாரித்திருக்கிறீர்கள் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

ஆர்டரை விட மாட்டேன்.

கோபத்தில் சொல்லவில்லை. இந்தக் கடை ஒரு கார் ஷெட். இங்கே வருகிறவர்கள் அடையாறு யோகா வகுப்புக்காரர்கள், தி. நகர் ஆபீஸ்களில் மத்தியான டப்பா வாங்குகிற சிலர். ஒரு தெருவே நின்று குடிக்கிற ஆர்டர் இதற்கு முன் வந்ததில்லை. இந்தத் தொழிலை நான் ஆசைப்பட்டுப் பிடிக்கவும் இல்லை. ஹோட்டலில் அடுப்புப் பக்கம் முழுக்க ஆண்கள். என்னை ஜூஸ், சாலட், பழம் வெட்டுகிற மேஜையிலேயே வைத்திருந்தார்கள். அடுப்பு கிடைக்காதவள் அடுப்பில்லாமல் என்ன முடியுமோ அதைக் கற்றுக்கொண்டேன். எல்லாம் ஊறவைத்துச் செய்வதுதானே என்று முதலில் 'ஊறல்' என்று பெயர் வைக்கப் பார்த்தேன். எங்க நைனா, "இன்னாமே, ஊறல்னு போர்டு மாட்னா சாராயம்னு போலீஸ்தான் மொத கஸ்டமரு" என்றார். அப்புறம்தான் முளை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். போன வருஷம் பொங்கலுக்குத் தூக்குச்சட்டியில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தேன். சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தீர்கள். கீழே போன பிறகு வண்டிச் சாவியை மறந்தது நினைவு வந்து திரும்பி வந்தேன். பின்கட்டில் உங்கள் வீட்டில் வேலை செய்யும் தேவானை அக்கா அந்தத் தூக்கை அப்படியே பையில் வைத்துக்கொண்டிருந்தார். "ஆத்துக்கு எடுத்துண்டு போ, குழந்தைகளுக்குக் குடு" என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அவர் எடுத்துப் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. நீங்கள் ஒரு வாய் எடுத்துக்கொண்டு கொடுத்திருக்கலாம்.

அன்றைக்கு நின்றதுதான் நம் பேச்சு.

உங்கள் தெருவில் நான் யாரென்று சொல்ல மாட்டேன். விடியற்காலையில் பாத்திரங்களை இறக்கிவிட்டுப் போய்விடுவேன். நிம்மதியாக இருங்கள்.

அன்புக்கரசி


மயிலாப்பூர்
20 மார்ச்

அன்புக்கரசிக்கு,

நிம்மதியாக இருக்கச் சொன்னாய். அது எங்கே வருகிறது. குக்கரில் அரிசி போடாமல் வெறும் தண்ணீரை வைத்து விசிலுக்குக் காத்திருந்தேன். பாட்டுக் கற்றுக்கொள்ள வருகிற பெண்ணுக்கு முந்தின வாரம் சொல்லிக்கொடுத்த கீர்த்தனையையே மறுபடி ஆரம்பித்தேன். அவளும் மரியாதைக்குக் கூடவே பாடினாள்.

தூக்குச்சட்டியைப் பற்றி இப்போது எழுத மாட்டேன்.

மதுவந்தி நேற்று எங்களையெல்லாம் கூப்பிட்டு உன் சாம்பிளை வைத்தாள். நைவேத்தியத்துக்கு முன்னால் ருசி பார்க்கக் கூடாது என்று தப்பிக்கப் பார்த்தேன். "இது வெறும் சாம்பிள் மாமி" என்று டம்ளரைக் கையில் திணித்துவிட்டாள். குடித்தேன். குடித்ததால் சொல்கிறேன், இப்படியே கொடுத்தால் தெருவின் மானம் போய்விடும்.

வெல்லம் காய்ச்சியது என்பதால் ஆகாதாம், அதனால் கரும்புச்சாறும் ஊறின பேரீச்சம்பழமும் போட்டிருக்கிறாய் என்றாள். அது சரி, ருசி பொருந்துகிறது. ஆனால் பச்சை இஞ்சியைப் பிழிந்துவிட்டாய். பானகத்துக்குச் சுக்கு. இஞ்சி நாக்கிலேயே நின்றுவிடும், சுக்குதான் தொண்டையில் இறங்கும். பச்சைக் கற்பூரம் அதிகம். பத்துப் பேருக்குக் கடுகில் பாதி போதும், மீறினால் மருந்து வாசனை.

நீர்மோர் என்று ஒன்று வைத்திருந்தாயே, அது என்ன, தேங்காய்ப்பாலைப் புளிக்கவிட்டதா? சுவருக்குப் பூசலாம் போல இருந்தது. நீர்மோரில் முதலில் நீர், அப்புறம்தான் மோர். கறிவேப்பிலையைக் கிள்ளிப் போடாதே. உப்போடு சேர்த்துக் கையால் கசக்கு. தாளிக்க வழியில்லை என்பதால் வாசனையே இல்லாமல் நிற்கிறது. கட்டிப் பெருங்காயத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரை விட்டுப் பார்.

வடைப்பருப்பில் சொல்ல ஒன்றும் இல்லை. பாசிப்பருப்பை ஊறவைத்து மாங்காயும் தேங்காயும் கலப்பது. நாங்களும் அதைப் பச்சையாகத்தான் செய்வோம்.

இதையெல்லாம் நான் எழுதியதாக யாரிடமும் சொல்லாதே.

ஜானகி


ராஜா அண்ணாமலைபுரம்
24 மார்ச்

அத்தைக்கு,

சுக்கு போட்டேன். நீங்கள் சொன்னதுதான் சரி.

தேங்காய்ப்பாலில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். பச்சைமிளகாய்க் காம்பைப் போட்டு உறைய வைக்கிறோம், அது உறைந்தும் விடுகிறது. ஆனால் இந்த வெயிலில் மத்தியானத்துக்குள் புளித்துப் பொங்கிவிடுகிறது. ஐஸ் பெட்டியில் வைத்தால் கட்டியாகிவிடுகிறது. நிலக்கடலைப் பாலில் செய்து பார்த்தேன், வாயில் வைத்தால் பச்சைக் கடலை வாசனை. நேற்று ஒரு அண்டா முழுவதையும் செடிக்கு ஊற்றினேன். இன்று உங்கள் பேச்சைக் கேட்டு ஒரு பங்கு தேங்காய்த் தயிருக்கு நாலு பங்கு தண்ணீர் விட்டு, பெருங்காயத் தண்ணீரும் விட்டேன். மாமா குடித்துவிட்டு, "இது மோர் இல்லை, ஆனா மோருக்கு உறவு" என்றார். கரும்புச்சாறும் நின்றால் கறுக்கிறது. பிழியும்போதே எலுமிச்சம்பழத்தைச் சேர்த்துப் பிழிந்தால் கொஞ்ச நேரம் தாங்குகிறது. ஆக, எல்லாமே அன்று காலையில்தான் கலக்க வேண்டும். இதை நினைத்தாலே எனக்குக் கை கால் ஓடவில்லை.

பெரும்பாக்கத்தில் இருக்கும் அம்மாவிடம் போனில் புலம்பினேன். கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் இருந்த வீடு போய் அங்கே குடியேறியதிலிருந்து அவருக்கு எதைச் சொன்னாலும் கிண்டல்தான். "கேஸு தீந்து பூட்டா நாங்க துண்ணது அதான். அத்தப் போயி நீ பாட்டில்ல ஊத்தி விக்கிற" என்றார்.

மாமாவிடம் ஒரு பாட்டில் ரசம் கொடுத்திருக்கிறேன். அடையாறில் ஒரு அம்மாள் என்னிடம் வாங்குகிறார். காய்ச்சலில் படுத்தவர், ரசம் சாதம் வேண்டும்போல இருக்கிறது, ஆனால் சமைத்ததைச் சாப்பிட மாட்டேன் என்று போனில் அழுதார். தக்காளி, புளித்தண்ணீர், இடித்த மிளகு சீரகம் எல்லாவற்றையும் எவர்சில்வர் பாத்திரத்தில் மூடி மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். கையில் ஊற்றினால் வெதுவெதுவென்று இருந்தது. சாதத்துக்குக் காலிஃபிளவரைத் துருவி உப்பில் பிசறிக் கொடுத்தேன். அது ரசமா, சாதமா என்று எனக்கே தெரியவில்லை. அவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியதாகச் சொன்னார். நீங்கள் குடித்துப் பார்த்துக் குறை சொல்லுங்கள். வேறு யாரும் சொல்வதில்லை.

அன்பு


மயிலாப்பூர்
29 மார்ச்

அன்புவுக்கு,

ரசத்தில் மிளகு சரி, சீரகம் ஒரு சிட்டிகை கூட. சூடு போதாது. ஆனாலும் காய்ச்சல்காரி தூங்கியிருப்பாள் என்பதை நம்புகிறேன்.

இப்போது பெரிய செய்தி. நேற்றுக் கூட்டத்தில் கோடி வீட்டு மாமி, "பண்றது யாரு, எவான்னு விசாரிச்சேளா? ஸ்வாமி பிரசாதமாச்சே" என்று ஆரம்பித்தாள். எப்படி எழுந்தேனோ தெரியாது, எழுந்துவிட்டேன். "அன்புக்கரசின்னு பேர். என் மாட்டுப்பொண்" என்றேன்.

மூன்று வருஷமாக நான் சொல்லாத வார்த்தை. கோடி வீட்டு மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அந்த நேரத்தில் எனக்கு ஒன்று பளிச்சென்று தோன்றியது. "எவாளா இருந்தா என்ன மாமி? அடுப்புல ஏறினாத்தானே பத்து, மடி, தீட்டெல்லாம். பழத்தை யார் கையால வேணாலும் வாங்கிக்கறோமோ இல்லையோ? இது அடுப்புல ஏறாதது. ஒரு தோஷமும் கிடையாது" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மாமியே "வாஸ்தவம்தான்" என்றாள்.

இத்தனை நாள் இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று இருக்கிறது. இனிமேல் பண்டிகைக்கு நீ இப்படிச் செய்வதையே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவா. உன் மாமனார், கிருஷ்ணா, நீ, நான் நாலு பேரும் சேர்ந்து உட்காரலாம். நானும் சாப்பிடுவேன். ராமநவமி அன்று ஒளிந்துகொண்டு வர வேண்டாம். நீயே பந்தலில் நின்று உன் கையால் ஊற்று.

உன் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

ஜானகி


ராஜா அண்ணாமலைபுரம்
30 மார்ச்

அத்தைக்கு,

ஆர்டர் வேண்டாம் என்று மதுவந்தியிடம் சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். மாட்டுப்பெண் என்று சொன்ன இடத்தில் உட்கார்ந்தேன். அதற்கு அடுத்த வரியில் எழுந்துவிட்டேன்.

உங்கள் கணக்குப்படி என் கையில் என்னவோ இருக்கிறது. அது நெருப்பில் ஏறினால் ஒட்டும், தண்ணீரில் ஊறினால் ஒட்டாது. அவ்வளவுதானே. நாளைக்கே நான் ஒரு கரண்டி உப்புமா கிண்டினால் மறுபடியும் அது தேவானை அக்கா பைக்குத்தான் போகும். உங்கள் பந்தலில் நான் நின்றால், குடிக்கிற ஒவ்வொருவரும் என்னைப் பார்த்து, இது சமைக்காதது, பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டு குடிப்பார்கள். என் சாதிக்கு மேல் போடுகிற மூடியாக என் தொழிலை ஆக்கிவிட்டீர்கள். நான் அதற்காக இதைச் செய்யவில்லை.

நீங்கள் நல்லது நினைத்துத்தான் சொன்னீர்கள். அது தெரிவதால்தான் இன்னும் எரிகிறது. கெட்டது நினைத்திருந்தால் திட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன்.

வீட்டில் நான் மூன்று வேளையும் அடுப்பில்தான் சமைக்கிறேன். உங்கள் பையன் அதைத்தான் சாப்பிடுகிறார்.

அன்புக்கரசி


மயிலாப்பூர்
7 ஏப்ரல்

அன்புக்கரசிக்கு,

உன் மாமனார் இதைக் கொண்டுவர மறுத்துவிட்டார். தபாலில் போடுகிறேன்.

நேற்று ராமநவமி நடந்தது. மதுவந்திக்கு வேறு யாரும் கிடைக்கவில்லை. பழையபடி வெல்லம் கரைத்து, தயிர் கடைந்து எல்லாவற்றையும் நான்தான் செய்தேன். ஊற்றிக்கொண்டு நிற்கும்போது கோடி வீட்டு மாமி டம்ளரை நீட்டிக்கொண்டே, "நல்லதாப் போச்சு ஜானகி. இப்போ மனசுல உறுத்தல் இல்லாம குடிக்கலாம்" என்றாள். அன்றைக்கு வாஸ்தவம் என்று தலையாட்டியவள்தான். உன் கடிதம் எனக்கு அதுவரைக்கும் முழுசாகப் புரியவில்லை. கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். மிச்சத்தை யார் ஊற்றினார்கள் என்று தெரியாது.

உன் மாமனார் காலையிலேயே காணோம். மத்தியானம் வந்து செருப்பைக் கழற்றும்போதே, "அன்பு ஆத்துல சாப்ட்டேன். வத்தக்குழம்பு" என்றார். எனக்கு வாயில் வந்த கேள்வியைக் கேள்: "கடுகு தாளிச்சிருந்தாளா?" என்றேன். அடுப்பில் ஏறியதா என்பதைத்தான் அப்படிக் கேட்டேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். அதிலிருந்து இந்த வீட்டில் பேச்சில்லை. ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை.

நான் என்ன செய்ய வேண்டும் என்று எழுது. செய்கிறேனா என்று பிறகு பார்க்கலாம். முதலில் எழுது.

ஜானகி


ராஜா அண்ணாமலைபுரம்
10 ஏப்ரல்

அத்தைக்கு,

என்னைக் கேட்காதீர்கள். நான் ஒன்று சொல்லி, நீங்கள் அதைச் செய்து, அதற்கு நான் மதிப்பெண் போடுவதா? எனக்கு அந்த வேலை வேண்டாம்.

வருஷப் பிறப்புக்கு ஆர்டர் குவிந்திருக்கிறது. வேகவைக்காத மாங்காய்ப் பச்சடி, தேங்காய்ப்பாலில் வாழைப்பழம் போட்ட பாயசம். ஒவ்வொரு வருஷமும் அன்று அம்மா வீட்டுக்குப் போவேன். இந்தத் தடவை முடியாது. இதைச் சொல்லப் போன் செய்தால் அம்மா வழக்கம்போல, "உங்க மாமியாரு எப்பதான் வருவாங்கோ? ஒரு தபா இட்டாயேன்" என்கிறார். கல்யாணமானதிலிருந்து கேட்கிறார். உங்களுக்கு முட்டிவலி, படியேற முடியாது என்று நானும் சொல்லிக்கொண்டே வருகிறேன். போன வாரம் ராயப்பேட்டையில் ஒரு முட்டிவலி டாக்டர் பெயரை விசாரித்து வைத்திருக்கிறார், உங்களுக்காக.

போங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பொய் சொல்லி அலுத்துவிட்டது என்பதற்காக எழுதினேன்.

அன்பு


ராஜா அண்ணாமலைபுரம்
15 ஏப்ரல்

அத்தைக்கு,

நேற்றுச் சாயங்காலம் கடையைக் கழுவிக்கொண்டிருந்தபோது அம்மா போன் செய்தார். மூச்சு விடாமல் பேசினார். "உங்க மாமியாரு வந்துகினு போனாங்கோ. தனியாவே பஸ்ஸு மாறி வந்துகீறாங்கோ. சோறு, சாம்பாரு, மாங்கா பச்சடி அல்லாம் துண்ணாங்கோ. ரெண்டாவது தபா கேட்டு வாங்கித் துண்ணாங்கோ. முட்டிவலின்ன, நல்லாத்தான் ஏறி வந்தாங்கோ" என்றார். கழுவின தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் சொல்லாமல் போனீர்கள்? வழி யார் சொன்னார்கள்? மாமாவுக்கும் தெரியாதாம், நான் சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது.

நான் சமைத்ததைச் சாப்பிடாத நீங்கள் எங்கள் அம்மா வீட்டில் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள் என்றால் எனக்கு அழுகை வருகிறது, சந்தேகமும் வருகிறது. இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. மன்னியுங்கள். உண்மையா?

அன்பு


மயிலாப்பூர்
17 ஏப்ரல்

அன்புவுக்கு,

உண்மை இல்லை. உன் அம்மா எனக்காகச் சொன்னது அது. நடந்ததை எழுதுகிறேன்.

கிருஷ்ணாவிடம் முகவரி கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் கொடுத்தான். பஸ்ஸில் போகும்போதே திரும்பிவிடலாம் என்று இரண்டு நிறுத்தத்தில் எழுந்து நின்றேன். அங்கே இறங்கினால் எல்லாக் கட்டிடமும் ஒரே மாதிரி. ஃபிசா என்று ஒரு பெண், காய் வாங்கிக்கொண்டு வந்தவள், கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள். உன் அம்மா என்னைப் பார்த்ததும், "வாம்மா, வா. இன்னா தனியா வந்துகினே? சாரு வர்ல?" என்றார். உன் அப்பா அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு, எனக்கு நாற்காலியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். நானும் தரைக்கு வந்துவிட்டேன்.

உன் அம்மா தட்டை இரண்டு தடவை கழுவித் துடைத்து வைத்தார். சோறு, கத்தரிக்காய் சாம்பார், மாங்காய்ப் பச்சடி. நல்ல வாசனை. பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தேன். மென்றேன். இறங்கவில்லை, அன்பு. எனக்கு அருவருப்பு எதுவும் இல்லை, மனசு சாப்பிடு என்றுதான் சொன்னது. தொண்டை கேட்கவில்லை. தண்ணீரைக் குடித்து விழுங்கினேன். அடுத்த கவளத்தை எடுத்துவிட்டுத் தட்டிலேயே வைத்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது.

உன் அம்மா பார்த்துவிட்டார். முகம் ஒரு கணம் இறுகியது. எனக்கு அது மறக்காது. அப்புறம் உன் அப்பாவிடம் திரும்பி, "சூடா கீது, அதான். ஃபேன இந்தாண்ட திருப்பு" என்றார். உன் அப்பா எழுந்து மேஜை விசிறியை என் தட்டுக்கு நேராகத் திருப்பி வைத்தார். சாதம் அப்போதே ஆறித்தான் இருந்தது. மூன்று பேரும் அது ஆறுவதற்காகக் காத்திருந்தோம். கோட்டூர்புரத்தில் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்ற கதையை உன் அப்பா சொன்னார். நீ சின்ன வயசில் ஊறின அரிசியைத் திருடித் தின்பாய் என்று உன் அம்மா சொன்னார். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் சாப்பிட்டேன். கொஞ்சம்தான். பாதிக்கு மேல் தட்டில் இருந்தது. உன் அம்மா தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

நான் பின்னாலேயே போய் உன் அம்மாவிடம், "சுப்பம்மா, என்னால முடியலை. உங்க சமையல்ல ஒரு குறையும் இல்லை" என்றேன். குழாயை நிறுத்தாமலே, "தெரியுதும்மா" என்றார். தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எம் பொண்ணு கேட்டா அழுவும். நீ நல்லா துண்ணேன்னு சொல்லிட்றேன். நீயும் அப்டியே சொல்லிடு" என்றார்.

நீ கேட்காமல் இருந்திருந்தால் சொல்லாமலே இருந்திருப்பேனோ என்னவோ. கேட்டுவிட்டாய். என் முட்டிக்காக நீ அவரிடம் பொய் சொன்னாய், என் தொண்டைக்காக அவர் உன்னிடம் பொய் சொல்கிறார். அம்மாவும் பெண்ணும் எனக்காக இப்படி மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தால் நான் எங்கே போய் நிற்பது?

கிளம்பும்போது பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தார். "ஞாயித்துக்கெழமை மறுபடி வரட்டுமா?" என்று கேட்டேன். பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எம் பொண்ணுக்கோசரம் வராதம்மா. பசிச்சா வா" என்றார்.

அன்றைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. மறுபடியும் தொண்டை அடைக்கலாம், அவருக்கும் பொறுமை போகலாம். நீ வந்து பக்கத்தில் உட்கார வேண்டாம், கிருஷ்ணாவையும் அனுப்ப வேண்டாம். உன் மாமனார் வருகிறேன் என்கிறார், அவரையும் வேண்டாம் என்றுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடிக்காமல் கிளம்பப் போகிறேன்.

ஜானகி